குடியும் குலமும்: மட்டக்களப்பு வாவிக்கரைத் தாய்வழி முறையும் உட்குலக் கணிதமும்

மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலும், எழுவான்கரையிலாயினும் படுவான்கரையிலாயினும், ஒருவரை முதன்முதலாக அறிந்துகொள்ள விரும்பும் முதியோர் கேட்கும் கேள்விகளுள் ஒன்று, 'என்ன குடி?' என்பதாகும். அக்கேள்விக்கான விடை தந்தை வழியாக வருவதன்று. தாயின் குடியே பிள்ளையின் குடி. இத்தொடர்ச்சியை மக்கள் 'வயிற்றுவார்' என்பர். ஒரே குடியினர் தம்முள் மணம் செய்தல் ஆகாது. கோயில் நிருவாகத்தில் வண்ணக்கர் பதவியும் திருவிழா உரிமைகளும் குடிகளின்படியே பகிரப்பட்டு வந்துள்ளன. இப்பிரதேச முஸ்லிம் மக்களிடையேயும் தாய்வழிக் குடிமுறை நிலவுவது, இவ்வமைப்பு ஒரு சமயத்துக்கோ ஒரு சாதிக்கோ மட்டும் உரியதன்று என்பதைக் காட்டும்.

தமிழ்நாட்டுக் கணிதப் பாடநூல்கள் இயற்கணிதத்தின் அடிப்படைக் கருத்துகளுள் ஒன்றைக் 'குலம்' என்றும், அதனுள் அடங்கித் தானும் ஒரு குலமாக இயங்கும் பகுதியை 'உட்குலம்' என்றும் வழங்குகின்றன. உறவுமுறையைக் குறிக்கும் ஒரு சொல் கணிதத்திற் புகுந்தது கலைச்சொல்லாக்கத்தின் தற்செயலாக இருக்கலாம். ஆயினும் உட்குலம் பற்றிய கணிதம் மணமுறை ஆய்விலும், பின்னர் குவாண்டம் கணினியிலும் மையமான இடத்தைப் பெற்றமை தற்செயலன்று. ஒரு சமூக உருவாக்கத்தை விளங்கிக்கொள்வதில் இக்கணிதம் எதனைத் தருகின்றது, எதனைத் தவற விடுகின்றது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

குலம் என்னும் கருத்தின் தோற்றமே வரலாற்றோடு பிணைந்தது. 1830 ஆம் ஆண்டின் யூலைப் புரட்சிக்குப் பிந்திய பிரான்சிலே, குடியரசுவாதியாக நின்று சிறை சென்ற எவரிஸ்த் கலுவா, 1832 இல் தமது இருபதாவது வயதில் இறக்குமுன், சமன்பாடுகளின் தீர்வுகளை ஒன்றுக்கொன்று இடம்மாற்றும் செயல்களின் தொகுதியாக இதனை வகுத்தார். பொருள்களைத் தனித்தனியே நோக்காது அவற்றின் இடமாற்ற உறவுகளை நோக்குதல் என்ற இப்பார்வை, ஒரு நூற்றாண்டின் பின் மானிடவியலை வந்தடைந்தது. குளோட் லெவி-ஸ்ட்ராவுஸ் 1949 இல் வெளியிட்ட உறவுமுறை பற்றிய பெருநூலில், அவுஸ்திரேலியப் பழங்குடியினர் சிலரது மணவிதிகளைக் குலக் கணிதத்தால் விளக்கும் ஒரு பின்னிணைப்பை அந்திரே வெய்ல் எழுதினார். 1930 முதல் 1932 வரை இந்தியாவின் அலிகார் முஸ்லிம் பல்கலைக்கழகத்தில் கணிதப் பேராசிரியராக விளங்கியவர் இவரே.

வெய்லின் முறையை நமது வாவிக்கரைக்குப் பொருத்திப் பார்ப்போம். இரு குடிகள் தலைமுறை தலைமுறையாகத் தம்முள் கொண்டும் கொடுத்தும் வருகின்றன எனக் கொள்வோம். தலைமுறைகளையும் ஒன்றுவிட்டு ஒன்றாக இரண்டெனக் கொள்வோம். பாட்டனும் பெயரனும் ஒரே வரிசையினர். பெயரன் என்ற சொல்லே இவ்விணைப்புக்குச் சான்று. இப்போது ஊரில் நான்கு பிரிவுகள் உள்ளன. ஒரு பிரிவிலிருந்து மற்றொன்றுக்குச் செல்லும் வழிகள் மூன்று: தாயிடம் செல்லுதல், தந்தையிடம் செல்லுதல், மணத்துணையிடம் செல்லுதல். எங்கும் செல்லாது தன்னிடத்திலேயே நிற்றலையும் சேர்த்தால் செயல்கள் நான்கு. எதனையும் இருமுறை செய்தால் புறப்பட்ட பிரிவுக்கே திரும்புவோம். வெவ்வேறான இரண்டை அடுத்தடுத்துச் செய்தால் மூன்றாவது கிடைக்கும்: தாயின் துணை தந்தை, தந்தையின் துணை தாய். கணிதவியலார் நன்கறிந்த, நான்கு உறுப்புகள் கொண்ட குலம் இதுவே. மேற்கு அவுஸ்திரேலியாவின் கரியேரா மக்களிடையே ராட்கிளிப்-பிரவுன் 1913 இல் விவரித்த நாற்பிரிவு முறையும் இதே வடிவினது.

இக்குலத்தில் இரண்டு உறுப்புகள் கொண்ட உட்குலங்கள் மூன்று உள்ளன. ஓர் உட்குலம் முழுமையைச் சம அளவான, ஒன்றோடொன்று கலவாத பிரிவுகளாக வகுக்கும் என்பது கணிதத்தின் அடிப்படை விதி. 'தான், தாய்' என்ற உட்குலம் ஊரை இரு குடிகளாகப் பிரிக்கின்றது. 'தான், துணை' என்ற உட்குலம் தலைமுறைகளாகப் பிரிக்கின்றது. 'தான், தந்தை' என்ற உட்குலம் மூன்றாவதொரு பிரிவினையைத் தருகின்றது. அதற்கு இவ்வூர்களிற் பெயரில்லை. கணிதத்தின் பார்வையில் மூன்றும் சமமானவை. சமூகமோ ஒன்றுக்குக் குடி எனப் பெயரிட்டு, அதன் மீது கோயிலையும் காணியையும் ஏற்றிவைத்துள்ளது. மற்றொன்றைப் பெயரின்றி விட்டுள்ளது. ஏன் என்ற வினா இங்கேயே எழுகின்றது.

இதற்கு விடை தேடுமுன், இதே உட்குலம் நம் காலத்தில் அடைந்துள்ள புதிய முக்கியத்துவத்தை நோக்குதல் வேண்டும். ஊருக்குப் புதிதாக வந்த ஒருவர் உறவுமுறை எதனையும் அறியார் எனக் கொள்வோம். எந்தப் பிரிவினரைச் சுட்டினாலும் 'என்ன குடி?' என்ற ஒரே கேள்விக்கு மட்டும் அவருக்கு விடை கிடைக்கும். எவ்விரு பிரிவுகளுக்கு ஒரே விடை வருகின்றதோ அவற்றை ஒப்பிட்டு, குடியைக் கடத்தும் வழி தாய்வழியே என அவர் கண்டுபிடிக்க வேண்டும். விடைகளுக்குப் பின்னால் மறைந்துள்ள உட்குலத்தைக் காண்பதே இச்சிக்கல். நான்கு பிரிவுகளில் இஃது எளிது. நான்குக்குப் பதிலாக, நூறு ஈரடி இலக்கங்களாற் குறிக்கப்படும் பிரிவுகள் இருந்து, அவை மறைந்த ஒரு விதியால் இரண்டிரண்டாக இணைக்கப்பட்டிருப்பின், சாதாரணக் கணினி ஏறத்தாழப் பத்துக் கோடி கோடி கேள்விகளைக் கேட்க நேரும். குவாண்டம் கணினிக்கு நூற்றைச் சற்று விஞ்சிய கேள்விகள் போதும் என டானியல் சைமன் 1994 இல் நிறுவினார். நாம் மேலே கண்ட இரு குடி ஊர், சைமனின் சிக்கலினது மிகச் சிறிய வடிவமேயாகும்.

இது மந்திரமன்று. குவாண்டம் கணினி எல்லாப் பிரிவுகளையும் ஒருங்கே மேற்பொருந்திய நிலையில் வைத்துக் கேள்வியைக் கேட்கின்றது. விடையை அளந்ததும், அவ்விடைக்குரிய இணை மாத்திரம் எஞ்சும். அவ்விணையை நேரே அளந்தால் ஒன்றே கிட்டும், மற்றது அழியும். எனவே அளக்குமுன் அலைகளைப் போல அவற்றைத் தலையிடச் செய்கின்றனர். மறைந்த விதியோடு முரண்படும் விளைவுகள் ஒன்றையொன்று அழித்துவிட, இசைவன மட்டுமே எஞ்சுகின்றன. ஒவ்வோர் அளவீடும் அவ்விதியைப் பற்றிய ஒரு சமன்பாட்டைத் தரும். போதிய சமன்பாடுகள் சேர்ந்ததும் உட்குலம் வெளிப்படும். பீட்டர் ஷோர் அதே 1994 இல் இவ்வழியை விரித்து, பெரிய எண்களைக் காரணிப்படுத்தும் முறையைக் கண்டார். வங்கிகளும் அரசுகளும் நம்பியிருந்த மறைகுறியாக்கத்தின் பாதுகாப்பு இதனாற் கேள்விக்குள்ளாயிற்று. 2024 ஓகஸ்டில் அமெரிக்கத் தர நிறுவனம் புதிய மறைகுறித் தரங்களை வெளியிட்டமைக்கு இதுவே காரணம். எனினும் செயல்களின் வரிசையை மாற்றினால் விளைவும் மாறும் குலங்களில், மறைந்த உட்குலத்தைக் காணும் பொதுவான விரைவு வழி இன்னும் கண்டறியப்படவில்லை.

இனி நமது வினாவுக்குத் திரும்புவோம். உட்குலத்தைக் கண்டவர் ஊரைக் கண்டவராவரா?

முதலாவதாக, உண்மையான ஊரில் குடிகள் இரண்டல்ல, பல. அக்கரைப்பற்றிலே களஆய்வு செய்த டெனிஸ் மக்கில்வ்ரேயின் ஆய்வுகள், இரு குடிகளின் இடையறாத கொடுக்கல் வாங்கல் இலட்சியமாகப் போற்றப்படுவதைக் காட்டுகின்றன. ஆனால் தந்தையின் சகோதரர் மூன்றாவதொரு குடியில் மணந்தால், அவரது மகள் குடிவிதியின்படி மணத்துக்குரியவள், உறவுச்சொல்லின்படி சகோதரி. இரு குடி ஊரில் ஒன்றாயிருந்த இரு விதிகள் பல குடி ஊரில் முரண்படுகின்றன. மக்கள் இம்முரண்பாட்டைத் தீர்த்தே வாழ்கின்றனர். அத்தீர்வு கணித அட்டவணையில் இல்லை.

இரண்டாவதாக, மணவிதிகள் ஒரு சமூகத்தின் சில பிரிவுகளைத் தமக்குள்ளேயே சுற்றவைக்குமாயின், அது தம்முள் மணவுறவற்ற துண்டங்களாகச் சிதறும் என்பதை வெய்ல் காட்டினார். முக்குவர், வேளாளர், தொழிற்சாதியினர் எனச் சாதிகள் தத்தமக்குள்ளேயே மணக்கும் நமது ஊருக்கு இவ்விளக்கம் அப்படியே பொருந்தும். ஆனால் கணிதத்திற்கு அது வெறும் பிரிவினை. போடியாரின் வயலும் அதில் உழைத்தவரின் கூலியும் பறையடிக்கும் கடமையும் சேர்ந்தே அச்சுவரை எழுப்பின என்பதை எந்த அட்டவணையும் கூறாது.

மூன்றாவது, மிக முக்கியமானது. முக்குவர் சட்டத்தின்படி முதுசச் சொத்து ஆணின் பிள்ளைகளுக்கன்றி அவனது சகோதரியின் பிள்ளைகளுக்குச் சென்றது. பிரிற்றோ இச்சட்டத்தை 1876 இல் நூலாக வெளியிட்டார். அதே ஆண்டின் 15 ஆம் இலக்க மரபுரிமைக் கட்டளைச்சட்டம் அதன் வலிமையைப் போக்கிற்று. மாமனிடமிருந்து மருமகனுக்குச் சென்ற காணி, தாயிடமிருந்து மகளுக்குச் சீதனமாகச் செல்லும் வழி மேலோங்கியது. வீடு பெண்ணுடையதாயிற்று, மணமகன் அங்கு வந்து சேர்ந்தான். உடைமையுறவில் நிகழ்ந்த இம்மாற்றத்தால் நமது நான்குறுப்புக் குலத்தில் ஓர் எழுத்தும் மாறவில்லை. பெண்களை ஆண்கள் பரிமாறுவதாக லெவி-ஸ்ட்ராவுஸ் கண்டார். இங்கு இடம்பெயர்பவர் ஆண்களே. எவர் நகர்கின்றார், எவர் வீட்டில் நிலைக்கின்றார் என்பதை அக்கணிதம் வேறுபடுத்தாது.

இவ்வேறுபாடு ஏட்டளவிலானதன்று. 2004 டிசம்பர் 26 ஆம் நாள் ஆழிப்பேரலை இக்கரையோரத்தை அழித்த பின், பெண்களுக்குரியனவாயிருந்த வீடுகளுக்குப் பதிலாகக் கட்டப்பட்டவற்றுட் பல, 'குடும்பத் தலைவர்' என்ற பெயரில் ஆண்களுக்கு எழுதப்பட்டதைப் பெண்கள் அமைப்புகள் சுட்டிக்காட்டின. 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச்சட்டம், அரச காணி வாரிசுரிமையில் மகனை மகளுக்கு முன்னே நிறுத்தியது. அவ்வேற்றுமையை நீக்கும் திருத்தம் 2022 இலேயே வந்தது. 'தான், தாய்' என்ற உட்குலம் அன்றும் இருந்தது, இன்றும் உள்ளது. அதன்மேல் நின்ற உடைமையே கைமாறியது.

இதனால் கணிதத்தை ஒதுக்கவேண்டும் என்பது முடிவாகாது. மார்க்சே தமது இறுதிக் காலத்தில் நுண்கணிதத்தை ஊன்றிக் கற்றவர். அவருடைய கணிதக் கையெழுத்துப் பிரதிகள் 1968 இல் மொஸ்கோவில் வெளிவந்தன. தமிழரின் உறவுச்சொற்களும் வட அமெரிக்கச் செனெக்கா மக்களின் உறவுச்சொற்களும் ஒரே ஒழுங்கில் அமைவதை மோர்கன் கண்டதும், 1884 இல் எங்கெல்சு அதனை எடுத்தாண்டதும் வடிவத்தை நோக்கிய ஆய்வின் பயனேயாகும். மூன்று உட்குலங்களும் சமமானவை என்று கணிதம் காட்டியிராவிடின், ஒன்று மட்டும் ஏன் பெயர் பெற்றது என்ற வினாவை நாம் எழுப்பியிருக்கவே மாட்டோம். வடிவத்தைக் கண்டறிவது ஆய்வின் முதற்படி. அவ்வடிவத்துள் உழைப்பும் உடைமையும் எவ்வாறு இடம்மாறின என்பதை அறிதலே அடுத்த படி. மறைந்த உட்குலத்தைக் காணும் பொறியை உலகம் ஆக்கி வருகின்றது. வாவிக்கரை வீடொன்றின் உறுதியில் எவரது பெயர் உள்ளது என்பதை அறிய, உறுதியையே விரித்துப் படித்தல் வேண்டும்.