மாற்று நுரையீரல் செயலிழப்பின் உயிர்க்குறிகள்

மாற்று நுரையீரல் செயலிழப்பின் உயிர்க்குறிகள் என்பன, ஒருவருக்குப் பொருத்தப்பட்ட கொடை நுரையீரல் பழுதடைவதைக் கண்டறியவும் முன்கூட்டியே ஊகிக்கவும் உதவும் மூலக்கூறுகள் ஆகும். இவை பெரும்பாலும் குருதியிலும் நுரையீரலைக் கழுவி எடுக்கும் நீரிலும் அளக்கப்படுகின்றன. மாற்றுச் சிறுநீரகத்தைக் காட்டிலும் மாற்று நுரையீரலின் ஆயுள் குறைவு. மூச்சுடன் வரும் தூசியும் நுண்ணுயிர்களும் நேரே சென்று படும் உறுப்பு இது என்பது அதற்கு ஒரு காரணம். அறுவைக்குப் பின் ஐந்து ஆண்டுகளுக்குள் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு நாட்பட்ட செயலிழப்பு தோன்றுகிறது.

வரலாறு

மாந்தரில் முதல் நுரையீரல் மாற்று அறுவையை 1963 இல் அமெரிக்காவின் மிசிசிப்பியில் ஜேம்ஸ் ஹார்டி செய்தார். நோயாளி 18 நாட்களே உயிர்வாழ்ந்தார். நீடித்த வெற்றி 1983 இல் டொராண்டோவில் கிட்டியது. தமிழ்நாட்டில் மூளைச்சாவடைந்தோரின் உறுப்புக்கொடைத் திட்டம் 2008 இல் தொடங்கியது. நுரையீரல் மாற்று பெரிதும் சென்னையிலேயே நடைபெறுகின்றது. கோவிட்-19 நோயால் நுரையீரல் அழிந்த ஒருவருக்கு 2020 ஆகஸ்டில் அங்கு இவ்வறுவை செய்யப்பட்டது.

தேவை

ஒரு நொடியில் விசையுடன் ஊதி வெளியேற்றும் காற்றின் அளவு, அறுவைக்குப் பின் எட்டிய சிறந்த அளவில் 80 விழுக்காடோ அதற்குக் கீழோ குறைந்து, அக்குறைவு வேறு காரணமின்றி நீடித்தால் நாட்பட்ட செயலிழப்பு எனக் கொள்வர். இடர் என்னவெனில், ஊதுகாற்று குறைவதற்குள் சிறுமூச்சுக்குழல்களில் தழும்பு ஏறிவிடுகின்றது, தழும்பு மீள்வதில்லை. இழையத் துணுக்கு எடுத்துப் பார்க்கும் சோதனையில் குருதிக்கசிவு முதலிய இடர்கள் உண்டு. நோயுள்ள பகுதி துணுக்கில் அகப்படாமலும் போகலாம்.

கொடையாளர் டி.என்.ஏ.

இவற்றுள் மிகுதியாகப் பேசப்படுவது குருதியில் மிதக்கும் கொடையாளரின் டி.என்.ஏ. ஆகும். மாற்றுறுப்பு பெற்றவர் உடலில் இருவரின் மரபுச்செய்தி உள்ளது. கொடை நுரையீரலின் உயிரணுக்கள் மடியும்போது அவற்றின் டி.என்.ஏ. துணுக்குகள் குருதியில் கலக்கின்றன. மொத்தத்தில் இவற்றின் பங்கு ஏறத்தாழ 1 விழுக்காட்டைத் தாண்டினால் ஐயத்திற்குரியது எனப் பல ஆய்வுகள் கொள்கின்றன. ஒற்றை நுரையீரல் பெற்றவரிடம் இப்பங்கு இயல்பாகவே குறைவு. இது காயம் உள்ளதெனக் கூறுமேயன்றிக் காரணத்தைக் கூறாது, நோய்த்தொற்றிலும் ஏறும். எனவே, அளவு தாழ்ந்திருக்கும்போது பழுதில்லை எனத் தெளிவதற்கே இது மிகவும் பயன்படுகிறது.

பிற குறிகள்

கொடையாளரின் எச்.எல்.ஏ. புரதங்களுக்கு எதிராகத் தோன்றும் எதிர்ப்பான்கள் பின்வரும் செயலிழப்பை முன்னுணர்த்தலாம். கழுவுநீரில் சி.எக்ஸ்.சி.எல்.9, சி.எக்ஸ்.சி.எல்.10 ஆகிய புரதங்கள் மிகுவதும் அவ்வாறே. சிறுமூச்சுக்குழல் உயிரணுக்கள் சுரக்கும் சி.சி.16 புரதமோ குறைகின்றது. அறுவைக்குப் பின் 72 மணி நேரத்திற்குள் தோன்றும் முதனிலைச் செயலிழப்பு வேறுவகை. அதற்குக் காற்றுநுண்ணறைகளிலிருந்து கசியும் ஆர்.ஏ.ஜி.இ. புரதம் ஆராயப்பட்டுள்ளது.

இவற்றுள் எதுவும் தனித்து நின்று மருத்துவத்தை முடிவு செய்யும் நிலையை எட்டவில்லை. விருதுநகர் மாவட்டத்து நரிக்குடி போன்ற ஊரிலிருந்து சென்னைக்கு ஓர் இரவுப் பயணம் ஆகும். அத்தொலைவில் வாழ்பவருக்குக் கையடக்க ஊதுமானியால் வீட்டிலேயே அன்றாடம் ஊதிக் குறித்துவரும் எண்ணே முதல் எச்சரிக்கையாக அமைகின்றது.