விரல் நிமிருமா?

1861-ஆம் ஆண்டின் பிற்பகுதியில், பாரிஸை ஒட்டிய பிசெத்ர் மருத்துவமனையின் அறுவைப் பிரிவுக்கு லெலோங் என்ற 84 வயது முதியவரைத் தொடையெலும்பு முறிந்த நிலையில் கொண்டுவந்தார்கள். முந்தைய ஆண்டே பக்கவாதம் தாக்கிப் பேச்சு போயிருந்தது. ஐந்தே சொற்கள் மிஞ்சியிருந்தன. எந்த எண்ணைக் கேட்டாலும் ‘மூன்று’ என்பார். பிள்ளைகள் எத்தனை பேர் என்று மருத்துவர் பால் புரோக்கா கேட்டார். வாய் ‘மூன்று’ என்றது. கை நான்கு விரல்களை நீட்டிக் காட்டியது.

சில நாளில் அவர் இறந்தார். மூளையைத் திறந்து பார்த்த புரோக்கா, இடது முன்பகுதியில் சிதைவு இருப்பதைக் கண்டார். பேச்சுக்கு மூளையில் ஓர் இடம் உண்டு என்ற அவருடைய கருத்துக்கு அது இரண்டாவது சான்றானது. ஆனால், படுக்கையருகே நிற்கும் உறவினர் கேட்பது வேறு கேள்வி: “கை கால் வந்துடுமா டாக்டர்?” அதற்குப் பதில் சொல்ல உயிரோடிருப்பவரின் மூளையைப் பார்த்தாக வேண்டும். அதற்கு வழி பிறக்க நூறாண்டுக்கு மேல் ஆயிற்று.

1971 அக்டோபர் 1 அன்று லண்டனின் விம்பிள்டனில், அட்கின்சன் மோர்லி மருத்துவமனையில் ஒரு பெண்ணின் தலை முதன்முதலாக சி.டி. ஸ்கேன் செய்யப்பட்டது. கருவியை உருவாக்கியவர் இ.எம்.ஐ. நிறுவனப் பொறியாளர் காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்டு. நீளத்துக்கு 80, அகலத்துக்கு 80 என்று வெறும் 6,400 புள்ளிகளால் ஆன படம் அது. ஆனாலும் மூளைக்கட்டி அதில் தெரிந்தது. பக்கவாதத்தில், ரத்தக்குழாய் வெடித்ததா அடைத்ததா என்பதை மண்டையைத் திறக்காமலே பிரித்தறியவும் வழி கிடைத்தது. அடைப்பு என்றால் முதல் சில மணி நேரத்துக்கு சி.டி.யில் பெரும்பாலும் தெளிவாக எதுவும் தெரியாது. அந்தக் குறையைத் தீர்த்தது எம்.ஆர்.ஐ. திசுவுக்குள் நீர் மூலக்கூறுகள் எவ்வளவு தாராளமாக நகர்கின்றன என்பதை அளந்தால் பாதிப்பு மிகச் சீக்கிரமே தெரிகிறது என்பதை, 1990-இல் மைக்கேல் மோஸ்லி குழுவினர் பூனைகளிடம் செய்த ஆய்வு காட்டியது.

காயம் தெரிந்துவிட்டது, கை வருமா என்பது இன்னும் தெரியவில்லை. பெரிய காயத்தோடு கையை மீட்டவர்களும் உண்டு, சுண்டைக்காய் அளவுக் காயத்தில் ஒரு பக்கம் முழுதும் விழுந்தவர்களும் உண்டு. வயலின் ஒரு மூலை காய்ந்தால் பயிர் அந்த மூலையோடு போகும். மதகு அடைபட்டால் வயல் முழுதும் காயும். மூளையின் மேற்பரப்பிலிருந்து தண்டுவடத்துக்கு இறங்கும் நரம்பிழைகள் எல்லாம் நடுவில் ஒரு குறுகிய வழியாக நெருக்கியடித்துக்கொண்டு போகின்றன. அங்கே விழும் சிறு காயம்தான் மதகடைப்பு. ஆகவே காயத்தின் அளவை மட்டும் பார்த்தால் போதாது, பாதை மிஞ்சியிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

அந்தப் பாதையைப் படமெடுக்க 1994-இல் பீட்டர் பாசர் குழுவினர் வழி சொன்னார்கள். நரம்பிழையின் போக்கிலேயே நீர் எளிதாக ஓடும், குறுக்கே தடுமாறும். இழை சிதைந்தால் அந்தத் திசை வேறுபாடு மங்கிவிடும். மூளையின் இரண்டு பக்கத்தையும் ஒப்பிட்டால் சேதம் எவ்வளவு என்று ஒரு எண்ணாகவே கிடைக்கிறது.

அந்த எண்ணைப் படுக்கையருகே கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர்கள் நியூசிலாந்தின் ஆக்லாந்தைச் சேர்ந்த கேத்தி ஸ்டினியரும் வின்ஸ்டன் பைப்லோவும். 2012-இல் அவர்கள் வெளியிட்ட முறைக்குப் ‘பிரெப்’ என்று பெயர். முதல் மூன்று நாளுக்குள் நோயாளியிடம் இரண்டே வேலை சொல்வார்கள்: தோளிலிருந்து கையைப் பக்கவாட்டில் தூக்க வேண்டும், விரல்களை நிமிர்த்த வேண்டும். ஒவ்வொன்றுக்கும் 5 மதிப்பெண். மொத்தம் 8 அல்லது அதற்கு மேல் வந்தால் எந்த இயந்திரமும் வேண்டாம், கை நன்றாக மீளும். குறைந்தால் தலைமேல் காந்தத் துடிப்பு கொடுத்துக் கைத்தசை துள்ளுகிறதா என்று பார்ப்பார்கள். துள்ளினால் பாதை திறந்திருக்கிறது. துள்ளாதவர்களுக்குத்தான் எம்.ஆர்.ஐ.

2017-இல் 207 நோயாளிகளின் தகவலை வைத்து அதே குழு தன் முறையைத் திருத்தியது. அப்போது எம்.ஆர்.ஐ.யையே நீக்கிவிட்டார்கள். பக்கவாதத்தின் கடுமையை அளக்கும் வழக்கமான மதிப்பெண் பட்டியலே அந்த இடத்துக்குப் போதுமானதாக இருந்தது. நோயாளியின் வயதும் கணக்கில் சேர்ந்தது. புதிய முறை ஏறக்குறைய நான்கில் மூன்று பேருக்குச் சரியாகச் சொன்னது. பல ஆண்டு உழைத்துக் கொண்டுவந்த படத்தை, தேவையில்லை என்று தெரிந்ததும் தாங்களே விலக்கினார்கள். இந்த வரலாற்றில் மிகவும் மதிக்கத்தக்க பக்கம் இதுதான். ஸ்கேன் கருவி இல்லாத ஊர் மருத்துவமனையிலும் முதல் படியை யாரும் செய்து பார்க்கலாம்.

பேச்சின் கதை வேறு. அங்கே படம் விலகவில்லை. லண்டனில் கேத்தி பிரைஸ் குழுவினர், பக்கவாதம் வந்தவர்களின் மூளைப் படங்களையும் அவர்களுடைய பேச்சு எப்படித் தேறியது என்ற விவரத்தையும் சேர்த்துவருகிறார்கள். புதிதாக வருபவரின் காயத்தை, அதே போன்ற காயமுள்ள பழையவர்களோடு ஒப்பிட்டுச் சொல்வது அவர்கள் முறை. லெலோங்கின் மூளையும் பாரிஸில் பத்திரமாக இருந்தது. 2007-இல் வெளியான ஆய்வுக்காக அதை எம்.ஆர்.ஐ. எடுத்தபோது, சிதைவு புரோக்கா கண்ணால் கண்ட மேற்பரப்பைத் தாண்டி ஆழமாகப் போயிருந்தது தெரிந்தது.

ஆக்லாந்தில் முன்கணிப்பைச் சொல்லிச் சிகிச்சை தந்தபோது, நோயாளிகள் சுமார் ஒரு வாரம் முன்னதாகவே வீடு திரும்பினார்கள். அதனால் கையின் மீட்சி குறையவில்லை. கை வரும் என்று தெரிந்தவரிடம் அந்தக் கையையே ஓயாமல் பயன்படுத்தச் சொல்கிறார்கள். வர வாய்ப்பு குறைவு என்று தெரிந்தவருக்குத் தோள்வலி வராமல் பார்த்துக்கொள்கிறார்கள். சட்டைப் பொத்தான் போடவும் சாப்பிடவும் மற்றக் கையை ஆரம்பத்திலேயே பழக்குகிறார்கள்.