பாவு, ஊடை, கிளாஸ், ஆப்ஜெக்ட்

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன் மக்களே, பொறுத்துக்கோங்க.

அக்கா பையன் பத்தாவது படிக்கிறான். போன வாரம் அறிவியல் புத்தகத்தோட வந்து, "மாமா, இந்த ஸ்க்ராட்ச் பூனையை நடக்க வைக்கணும்"னு நின்னான். கட்டைகளை இழுத்து ஒண்ணுக்குக் கீழ ஒண்ணா ஒட்டினோம். பத்தே நிமிஷத்துல பூனை நடந்துச்சு. அப்புறம் பயல் அதே பூனையை நகலெடுத்து, நிறத்தை மாத்தி, எதிர்ப்பக்கம் ஓடவிட்டான். ஆப்ஜெக்டை வெச்சு வேலை பாத்துட்டான், ஆனா அந்தப் பேரு அவனுக்குத் தெரியாது.

நான் அப்படியே உல்டா. பேரு மட்டும்தான் தெரியும் :-) எங்க காலத்துல பிளஸ் டூவுக்கு சி++. (2019-ல புதுப் பாடத்திட்டத்துல பைதான் வந்துச்சு.) என்காப்சுலேஷன், பாலிமார்பிசம் எல்லாம் மனப்பாடம். நீலத்திரையில புரோகிராம் ஓடும், ஏன் ஓடுதுன்னு மட்டும் தெரியாது.

வரலாறு என்னமோ அந்தப் பயல் பக்கம்தான் இருக்கு. நார்வேயில டால், நைகார்ட்னு ரெண்டு பேர், நிஜ உலக அமைப்புகளைக் கணினியில நடத்திப் பாக்கணும்னு கிளம்பினாங்க. அப்படிப் பொறந்ததுதான் சிமுலா 67. கிளாஸும் ஆப்ஜெக்டும் அங்கிருந்து வந்தவை. 1970-களில் ஜெராக்ஸ் பார்க் ஆய்வகத்துல ஆலன் கே குழு ஸ்மால்டாக்கை உருவாக்கினப்போ, குழந்தைகளும் இதுல எழுதணும்ங்கறது அவங்க கனவு. சின்னப் பசங்களுக்குச் சொல்லியும் கொடுத்தாங்க. பட்டனை இழுத்துப் போட்டு, அதுக்குப் பின்னாடி நாலு வரி எழுதற விஷுவல் பேசிக் 1991-ல வந்துச்சு. எம்.ஐ.டி.யின் ஸ்க்ராட்ச் 2007-ல. ஆக, முதல்ல கண்ணுக்குத் தெரியற பொருள், அப்புறம்தான் இலக்கணம். நமக்குத்தான் இலக்கணத்தை முதல்ல ஊட்டிட்டாங்க.

இதை எனக்குப் புரிய வெச்சிருக்க வேண்டியவர் வீட்லயே இருந்தார். தாத்தா அனகாபுத்தூர் நெசவாளி. நைஜீரியாவுக்குப் போன கட்டம் போட்ட மெட்ராஸ் துணி நெய்த ஊரு இது. நான் சத்தம் போட்டு மனப்பாடம் பண்றதைக் கேட்டு ஒருநாள், "என்னடா அது கிளாஸு?"ன்னார். "உனக்குப் புரியாது தாத்தா"ன்னுட்டேன்.

தறியில ஒரு பாவு ஏத்தினா அதுல பல துணி நெய்யலாம். நீளவாட்டு நூலோட வரிசை எல்லாத்துக்கும் ஒண்ணுதான். ஊடை நூலோட நிறத்தை மாத்தினா ஒவ்வொரு துணியும் வேற வேற. பாவு கிளாஸ், துணி ஆப்ஜெக்ட், ஊடை நிறம் அதோட பண்பு. அம்புட்டுதான் விஷயம்! தாத்தாவுக்குப் புரிஞ்சிருக்கும். புரியாம இருந்தது நான்தான்.

வேலைக்குச் சேர்ந்த அப்புறம்தான் இது உறைச்சது. அப்போ தறியும் இல்ல, தாத்தாவும் இல்ல.

அக்கா பையன்கிட்ட கதையைச் சொன்னேன். "அப்போ தாத்தா புரோகிராமரா மாமா?"ன்னான்.

ஆமாண்டான்னு சொல்லிட்டேன். தப்பில்லையே?