பாராட்டுக்கும் பொறுப்பு உண்டு: அமெரிக்க நாளிதழ் விமரிசகர்களும் மூன்று படங்களும்

குறை கண்டு எழுதுவதே விமரிசனம், புகழ்ந்து எழுதுவது விளம்பரத்துக்கு அடுத்த வீடு என்ற எண்ணம் திரைப்பட எழுத்தில் நெடுங்காலமாக இருந்துவருகிறது. போஸ்லி கிரவுதர் 'பானி அண்ட் கிளைட்' படத்தை 1967இல் கடுமையாகத் தாக்கியதும், நியூயார்க் டைம்ஸின் விமரிசகர் பொறுப்பிலிருந்து விரைவில் விலகியதும் பலமுறை எழுதப்பட்டுவிட்டன. அதே மனிதர் அதற்கு முன் இத்தாலிய யதார்த்தப் படங்களுக்கு அமெரிக்காவில் பார்வையாளரைத் தேடித் தந்தது அந்த அளவு பேசப்படுவதில்லை. இக்கட்டுரை பாராட்டையே ஆய்வுப் பொருளாக எடுத்துக்கொள்கிறது. விளம்பரத்துக்குப் பணமில்லாத ஒரு நாடகப் படத்தையோ ஆவணப்படத்தையோ புகழ முன்வரும் நாளிதழ் விமரிசகர், அதைப் பார்க்கும் ஆசையே எழாத வாசகரிடம் காரணம் சொல்லியாக வேண்டும். அந்தக் காரணம் படத்தில் உள்ள காட்சிக்கும், விமரிசகர் பின்னாளில் எழுதுவதற்கும், அதே நகரின் மற்ற நாளிதழ்களுக்கும் பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கும்போதுதான் பாராட்டு மதிப்புப் பெறுகிறது என்பது என் வாதம்.

ஸ்டீவ் ஜேம்ஸ் இயக்கிய 'ஹூப் ட்ரீம்ஸ்' இதற்கு மிகத் தெளிவான சான்று. பொதுத் தொலைக்காட்சிக்கான அரைமணி நேரக் குறும்படமாகத் தொடங்கிய முயற்சி அது. சிகாகோவின் வில்லியம் கேட்ஸ், ஆர்தர் ஏஜி என்னும் இரு கறுப்பினச் சிறுவர்களின் கூடைப்பந்துக் கனவை ஐந்தாண்டுக் காலம் பின்தொடர்ந்து, சுமார் 250 மணி நேரப் பதிவிலிருந்து மூன்று மணி நேரத்துக்குச் சற்றே குறைவான படமாக முடிந்தது. 1994 ஜனவரியில் சன்டான்ஸ் விழாவில் பார்வையாளர் விருது பெற்ற அந்த வேளையில் படத்துக்கு விநியோகஸ்தர் கிடையாது. அப்போதே சிகாகோ டிரிபியூனின் ஜீன் சிஸ்கலும் சிகாகோ சன்-டைம்ஸின் ராஜர் எபர்ட்டும் தங்கள் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் அதைப் பற்றிப் பேசினார்கள். திரையரங்கில் ஓடாத படத்தை விமரிசிப்பது வழக்கமில்லை. வழக்கத்தை அவர்கள் தெரிந்தேதான் மீறினார்கள். இலையுதிர் காலத்தில் படம் வெளியானபோது எபர்ட் நாளிதழில் எழுதிய விமரிசனம் தனித்துக் கவனிக்கத் தக்கது. அதில் விளையாட்டைக் காட்டிலும் ஆர்தரின் தாய்க்கு அழுத்தம் கிடைக்கிறது. மாதம் 268 டாலரில் வீட்டை எப்படி ஓட்டுகிறேன் என்று எப்போதாவது யோசித்ததுண்டா என அவர் படம் எடுப்பவர்களையே கேட்கும் இடத்தை எபர்ட் எடுத்துக்காட்டுகிறார். கட்டணம் பாக்கி என்பதற்காக ஆர்தரை வெளியேற்றிய தனியார் பள்ளி, பிறகு அவனுடைய மதிப்பெண் சான்றிதழையும் நிறுத்திவைத்ததைச் சொல்கிறார். செவிலியர் உதவியாளர் பயிற்சியில் அந்தத் தாய் வகுப்பிலேயே முதலாக வருவதையும் விடவில்லை. வாசகர் அரங்குக்குப் போய் இவற்றையெல்லாம் சரிபார்க்க முடியும். 'மகத்தான படம்' என்ற சொற்றொடருக்கு அந்த வசதி இல்லை.

1995 தொடக்கத்தில் ஆஸ்கர் பரிந்துரைகள் வந்தபோது ஆவணப்படப் பிரிவில் 'ஹூப் ட்ரீம்ஸ்' இல்லை. படத்தொகுப்புக்கு மட்டும் ஒரு பரிந்துரை கிடைத்தது. விமரிசகர்களின் பாராட்டு அந்த இடத்தில் புலன்விசாரணையாக மாறியது. தேர்வுக் குழுவினர் டார்ச் விளக்கைக் காட்டிப் படத்தைப் பாதியில் நிறுத்தும் பழக்கம் வெளியே வந்தது. குழுவில் ஒரு சிலர் தாங்கள் விரும்பிய ஐந்து படங்கள் நீங்கலாக மற்றவற்றுக்கு மிகக் குறைந்த மதிப்பெண் இட்டிருந்ததும் தெரியவந்தது. தேர்வு முறையில் மாற்றங்கள் தொடங்கின. இதற்கு ஆறாண்டு முன்பு எரால் மாரிஸின் 'த தின் புளூ லைன்' விமரிசகர்களிடம் பெரும் பாராட்டைப் பெற்று, கொலைக் குற்றம் சுமத்தப்பட்டுச் சிறையிலிருந்த ராண்டல் ஆடம்ஸ் 1989இல் விடுதலையாகவும் துணை நின்றது; அதுவும் பரிந்துரை பெறவில்லை. அப்போது எழுந்த முணுமுணுப்பு முறையை அசைக்கவில்லை. 1995இல் அசைந்ததற்குக் காரணம், இரு விமரிசகர்களும் ஓராண்டாகத் தங்கள் சொல்லை அப்படத்தோடு கட்டிவைத்திருந்ததே. எபர்ட் அதைப் பின்னர் தொண்ணூறுகளின் மிகச் சிறந்த படம் என்றும் அறிவித்தார். முதல் விமரிசனத்தோடு கைகழுவாமல் தன் தீர்ப்பைத் திரும்பத் திரும்பச் சோதனைக்கு உட்படுத்திய எழுத்து இது.

ஆவணப்படத்துக்குக் கிடைக்கும் புகழ் படத்துக்கானதா, அது எடுத்துக்கொண்ட பொருளுக்கானதா என்பது வலுவான மறுப்பு. ஏழைக் குடும்பத்தின் போராட்டத்தைக் குறைசொல்ல யாருக்கு மனம் வரும்? பல விமரிசனங்கள் இந்தக் குழியில் விழுந்திருக்கின்றன என்பதை மறுப்பதற்கில்லை. படத்தின் அமைப்பைப் பற்றி விமரிசனத்தில் ஏதேனும் சொல்லப்பட்டிருக்கிறதா என்று பார்த்தால் வேறுபாடு புலப்படும். தாயின் தேர்ச்சி, மகனின் ஆட்டம் ஆகிய இரண்டையும் ஒரே வரிசையில் வைத்தது படத்தொகுப்பின் முடிவு. அதைச் சுட்டும் பாராட்டு கலையைத்தான் பாராட்டுகிறது. விமரிசகருக்கும் இயக்குநருக்கும் வளரும் நெருக்கம் இன்னொரு மறுப்பு. எபர்ட்டின் வாழ்க்கையை 'லைஃப் இட்செல்ஃப்' என்று 2014இல் ஆவணப்படமாக்கியவர் ஸ்டீவ் ஜேம்ஸ்தான். இந்த உறவு 1994இன் பாராட்டைக் களங்கப்படுத்துவதாகச் சிலர் கருதலாம். ஆனால் அந்தப் பாராட்டு எழுதப்பட்டபோது ஜேம்ஸ் பலரும் அறியாத இயக்குநர், அவரால் எபர்ட்டுக்குக் கிடைக்கக்கூடியது ஒன்றுமில்லை. பிற்காலத்து நன்றியை முற்கால நோக்கமாக்குவது கால வரிசையைக் குழப்புவதாகும்.

பாராட்டு வலிமையுள்ளவர்களை எதிர்க்க வேண்டிவரும்போது அதன் பொறுப்பு இன்னும் வெளிப்படையாகிறது. இத்தாலிய இயக்குநர் ரோசெல்லினியின் 'த மிராக்கிள்', வேறு இரண்டு குறும்படங்களுடன் 'வேஸ் ஆஃப் லவ்' என்ற பெயரில் 1950 டிசம்பரில் நியூயார்க்கில் திரையிடப்பட்டது. நகரின் நாளிதழ் விமரிசகர்கள் வட்டம் அதை ஆண்டின் சிறந்த அயல்மொழிப் படமாகத் தேர்ந்தெடுத்தது. நியூயார்க்கின் கத்தோலிக்கப் பேராயர் கார்டினல் ஸ்பெல்மன் படத்தைக் கண்டித்தார். திரையரங்கின் முன் மறியல் நடந்தது. மாநில அரசின் கல்வி ஆட்சிக்குழு உரிமத்தை ரத்து செய்தது. விமரிசகர்கள் விருதைத் திரும்பப் பெறவில்லை. கிரவுதர் தடையை எதிர்த்து எழுதினார். விநியோகஸ்தர் ஜோசப் பர்ஸ்டின் வழக்கை உச்ச நீதிமன்றம் வரை கொண்டுசென்றார். திரைப்படமும் கருத்துச் சுதந்திரத்தின் பாதுகாப்புக்கு உரியது என்று 1952இல் நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்து, தன் 1915இன் பழைய நிலைப்பாட்டைக் கைவிட்டது. தீர்ப்பை விமரிசகர்கள் வாங்கித் தந்தார்கள் என்று சொன்னால் அது மிகை. ஆனால் தடை விழுந்தபோது அது ஏற்கெனவே பொதுவில் பாராட்டப்பட்ட கலைப்படைப்பாக இருந்தது, தடையை நியாயப்படுத்துவதைக் கடினமாக்கியது.

அதே கிரவுதர் 1958இல் சத்யஜித் ராயின் 'பதேர் பாஞ்சாலி'யைத் தயக்கத்தோடுதான் வரவேற்றார். அதன் கட்டமைப்பு தளர்ந்திருப்பதாக அவருக்குப் பட்டது. படமோ நியூயார்க்கில் மாதக்கணக்கில் ஓடியது. விமரிசகரின் பாராட்டு எதற்கு என்று கேட்போர் இதை எடுத்துக்காட்டலாம். நான் இதிலிருந்து எடுத்துக்கொள்ளும் முடிவு வேறு. அன்று நியூயார்க்கில் ஏழு பெரிய நாளிதழ்கள் வெளிவந்துகொண்டிருந்தன. ஒருவரின் தயக்கம் இறுதித் தீர்ப்பாக நிலைபெறவில்லை. வேறு விமரிசகர்களும், வாய்வழிப் புகழும் அதைத் திருத்தினர். 1967க்குள் ஏழு மூன்றாகக் குறைந்தன. சிகாகோவில் 1994இல் இருந்தவை இரண்டே பெரிய நாளிதழ்கள், 'ஹூப் ட்ரீம்ஸ்' விஷயத்தில் அவற்றின் புகழ்பெற்ற விமரிசகர்கள் இருவரும் ஒரே பக்கம். மாற்றுக் குரல் ஒன்று பிரிட்டனின் 'சைட் அண்ட் சவுண்ட்' இதழில் 1995இல் வந்தது. வெள்ளையினப் படைப்பாளிகளின் கேமராவில் கறுப்பின இளைஞரின் உடல்திறன் காட்சிப்பொருளாவதையும், வெற்றி தோல்வி என்ற போட்டி மனப்பான்மையைப் படம் தாண்டாததையும் கறுப்பினப் பெண்ணியச் சிந்தனையாளர் பெல் ஹூக்ஸ் அதில் கேள்விக்குள்ளாக்கினார். அக்கட்டுரையை எபர்ட்டின் விமரிசனத்துக்குப் பக்கத்தில் வைத்துப் படிக்கும்போது, விமரிசகர் அவ்வளவு அழுத்தம் தந்த தாயின் தேர்ச்சிக் காட்சி அந்த நீண்ட படத்தில் சில நிமிடங்களே நீடிக்கிறது என்பதும் கண்ணில் படுகிறது.