ரிலே போனது, ஏணிப்படம் நின்றது

மும்பை லோகார் சாலில் மின்பொருள் வியாபாரம் செய்பவன் நான். 1990களில் ரிலே வாங்க வந்த வயர்மேன் ஒருவர், "கம்பெனியில பி.எல்.சி. வைக்கிறாங்க மொதலாளி, நம்ம பொழப்பு போச்சு" என்றார். அந்த ஒரு சொல்தான் என்னைப் படிக்க வைத்தது.

ரிலே எளிய பொருள். கம்பிச்சுருளில் சிறு மின்சாரம் பாய்ந்தால் காந்தமாகி, வேறொரு சுற்றின் சுவிட்சை இழுக்கும். இரண்டு சுவிட்சைத் தொடராக இணைத்தால் 'இதுவும் அதுவும்'. பக்க இணைப்பானால் 'இதுவோ அதுவோ'. இந்தக் கணக்கில்தான் நூற்றுக்கணக்கான ரிலேக்கள் ஆலைகளை ஓட்டின. தயாரிப்பு மாறினால் வயரையெல்லாம் பிரித்து மாட்ட வேண்டும்.

இத்தொல்லை தீர, 1968இல் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் மாற்றுக் கருவி கேட்டது. டிக் மார்லி குழுவினர் 1969இல் 'மோடிகான் 084' என்ற பி.எல்.சி.யைத் தந்தனர். இரு செங்குத்துக் கோடுகளுக்கிடையே படிபடியாகச் சுற்றுகளை வரையும் ஏணிப்படம் வயர்மேன்கள் நன்கறிந்தது. அதையே புதுக் கருவியின் மொழியாக்கினார்கள். வெற்றியின் ரகசியம் அதுவே.

அடுத்தமுறை வந்தவரிடம், "ஏணிப்படம் தெரியுமில்ல? அப்ப பாதி பி.எல்.சி. தெரியும்" என்றேன். மீதியை அவர் கற்றுக்கொண்டார். படம் படிக்காமல் வயர் மட்டும் மாட்டிய அவர் கூட்டாளிக்கோ வேலை போயிற்று. நம் பிள்ளைகளுக்கு இரண்டு கதையையும் சொல்வோம்.