பளபளப்பு ஏன் பொங்குது? ஒரு சுங்கானும் கொஞ்சம் அரக்கும்

சாரத்துல இருந்து பேசுறோம். ஒயிட் டவுன் பக்கம் பழைய பொருள் விக்கிற கடைக்குள்ள நுழைஞ்சா, சில நேரம் கண்ணாடி அலமாரியில மரத்துல செஞ்ச புகை பைப் ஒண்ணு கிடக்கும். நம்ம தாத்தா காலத்துப் பேர் சுங்கான். தூரத்துல இருந்து பார்த்தா நேத்து வாங்கினது மாதிரி மின்னும். கையில எடுத்து வாய் விளிம்பைப் பாருங்க. சின்னச் சின்னக் கொப்புளம், உரிஞ்ச தோல், அங்கங்க வெள்ளைத் திட்டு. மரம் நல்லாத்தான் இருக்கு, கெட்டுப்போனது மேல இருக்கிற பளபளப்புதான்.

(புகைக்கச் சொல்ற எபிசோடு இல்ல இது. நமக்கு வேண்டியது அந்தப் பூச்சோட கதை.)

பழைய பூச்சுகள்ல முக்கியமான ஒண்ணு அரக்கு. அரக்கு மாளிகை கதை தெரியும்ல? பாண்டவர்களைக் கொல்லணும்னு துரியோதனன் தேர்ந்தெடுத்த கட்டுமானப் பொருள் அது. ஏன்னா சட்டுனு உருகும், நல்லா எரியும். அரக்கைப் பத்தின மொத்த வேதியியலும் அந்தக் கதையிலேயே இருக்குன்னு வெச்சுக்கலாம்.

அரக்கு மரத்துப் பிசின் இல்ல, பூச்சி சுரக்கிறது. பலாசம், இலந்தை மாதிரி மரக்கிளைகள்ல கூட்டமா ஒட்டிக்கிட்டு, தன்னைக் காப்பாத்திக்க மேல ஒரு ஓடு கட்டும். இதைக் கவனிச்சு எழுதின ஐரோப்பியர்கள் வரிசையில நம்ம ஊரோட தொடர்புள்ள ஒருத்தர் வர்றார்: பாதிரியார் கி தஷார். சயாம் போன பிரெஞ்சு ஜேசு சபைக்காரர், பிறகு புதுச்சேரியில பல வருஷம் இருந்தவர், 1712-ல வங்காளத்துல காலமானார். பூச்சிக்கு ஒரு காலத்துல 'தஷார்டியா'ன்னு அவர் பேர்தான் இருந்துச்சு. அப்புறம் 1781-ல ஜேம்ஸ் கெர் லண்டன் ராயல் சொசைட்டிக்கு விவரமா எழுதினார். இன்னைக்கு அறிவியல் பேர் 'கெர்ரியா லாக்கா'. பிரெஞ்சுக்காரர் தோத்துட்டார்!

இனிமேதான் நாம கவனிக்க வேண்டிய இடம். கிளையில இருந்து சுரண்டின அரக்கை இடிச்சுக் கழுவி, நீளமான துணிப் பையில அடைச்சு, கரி அடுப்புக்கு முன்னால பிடிச்சு முறுக்குவாங்க. உருகின பிசின் துணி வழியா கசியும். அதை ஒரு தொழிலாளி சூடா இருக்கும்போதே எடுத்து, கை, கால், பல்லு எல்லாம் வெச்சு இழுத்துப் பெரிய தாளா விரிப்பார். ஆறினதும் உடைச்சா மெல்லிய செதில். அதுதான் ஷெல்லாக். சோட்டா நாக்பூர் பக்கத்துக் காடுகள்ல இருந்து வந்த பொருள், நெருப்புக்கு முன்னால நின்னவங்க உழைப்பு. ஆனா செதிலை ஸ்பிரிட்ல கரைச்சு, பஞ்சுத் துணியால மேசையில தேய்க்கிற வேலைக்கு 19-ம் நூற்றாண்டுல உலகம் வெச்ச பேர் 'பிரெஞ்ச் பாலிஷ்'. இன்னைக்கும் நம்ம தச்சர்கள் அந்தப் பேரைத்தான் சொல்றாங்க.

அதே நூற்றாண்டுல, 1850-கள்ல, பிரான்சோட ஜூரா மலையில செயின்ட் குளோட் ஊர்ல 'பிரையர்'ங்கிற புதர் வேர்க்கட்டையில பைப் செய்யத் தொடங்கினாங்க. தீயில சீக்கிரம் கருகாத மரம். பூச்சு அப்படியில்ல. அரக்கு கிட்டத்தட்ட 75 டிகிரியிலேயே இளகிடும். உள்ள புகையிலை கனன்றா விளிம்புல சூடு அதைத் தாண்டும். அடியில மாட்டின காத்தும் ஈரமும் வெளிய வரப் பார்த்து, இளகின தோலைத் தூக்கும். அதான் கொப்புளம். ஈரம் பட்டா வெளுக்கும், பிரெஞ்ச் பாலிஷ் மேசையில சூடான காபி டம்ளர் வெச்சா வெள்ளை வளையம் விழுதே, அதே சங்கதி. பைப்பைச் சுத்தம் பண்ண ஸ்பிரிட் தொட்டா இன்னும் மோசம். அரக்கு கரையறதே அதுலதான!

அரக்கு மட்டமான பொருள்னு இதுக்கு அர்த்தம் இல்ல. தபால் பார்சல்ல சிவப்பு முத்திரை வெச்சோம்ல, அங்க உருகறதுதான் அதோட நல்ல குணம். பழைய 78 கிராமபோன் தட்டுல பாட்டு பதிஞ்சதும் அரக்கு இளகி அச்சு வாங்கினதால. சூடாகிற பொருளுக்கு மேல அதைக் கனமா பூசினது மட்டும்தான் தப்பு. ஏன் பூசினாங்க? கடையில மின்னினா விக்கும். மட்டக் கட்டையில இருக்கிற குழிக்குப் புட்டி அடைச்சு, மேல கனமான பூச்சு போட்டா ஒட்டு தெரியாது.

நல்ல பைப்புக்கு வழக்கமா பிரேசில் பனை மெழுகு, கார்னௌபா. அதுவும் சூட்டுல மங்கும், ஆனா ரொம்ப மெல்லிசு, திரும்பத் தேய்ச்சா மின்னிடும். ஜப்பான் லாக்கர் கிண்ணத்துல சூடான சூப்பே ஊத்துறாங்களேன்னு கேட்டா, அது வேற சரக்கு, ஒரு மரத்தோட பால். 'லாக்கர்'ங்கிற சொல் மட்டும் நம்ம லாக்ஷாவுல இருந்து போனது.

பழைய பைப்போ நாற்காலியோ வாங்கினா, கண்ணுக்குத் தெரியாத மூலையில பஞ்சுல ஸ்பிரிட் தொட்டு வெச்சுப் பாருங்க. ஒட்டிக்கிட்டுப் பிசுபிசுத்தா அரக்கு. அது அசையாம, தின்னருக்கு மட்டும் இளகினா 20-ம் நூற்றாண்டு நைட்ரோ லாக்கரா இருக்கலாம். ரெண்டுக்கும் அசையலன்னா புதுசா யாரோ பிளாஸ்டிக் வார்னிஷ் அடிச்சிருக்கலாம். விலை பேசும்போது அதைச் சொல்லுங்க.