கோவல்சுக் ஒப்பந்தம்

வட அமெரிக்காவின் தேசிய ஹாக்கி லீக்கில் (ஐஸ் ஹாக்கி) சம்பள உச்சவரம்பை வளைக்க முயன்று பிடிபட்ட ஒப்பந்தம். 2004-05 பருவம் முழுவதையும் விழுங்கிய கதவடைப்புக்குப் பின் உச்சவரம்பு நடைமுறைக்கு வந்தது. முதல் ஆண்டில் ஓர் அணிக்கு 3.9 கோடி டாலர். கணக்கில் ஏறுவது அந்தந்த ஆண்டுச் சம்பளம் அல்ல, ஒப்பந்தத்தின் ஆண்டுச் சராசரி. ஓட்டை அங்கேதான் இருந்தது.

2010 ஜூலையில் நியூ ஜெர்சி டெவில்ஸ் அணி, ரஷ்ய வீரர் இல்யா கோவல்சுக்கை 17 ஆண்டுகளுக்கு 10.2 கோடி டாலருக்கு ஒப்பந்தம் செய்தது. முதல் 11 ஆண்டுகளிலேயே 9.85 கோடி போய்விடும். கடைசி ஐந்தாண்டுகளுக்கு ஆண்டுக்கு வெறும் 5.5 லட்சம். அவை முடியும்போது அவர் வயது 44ஐ எட்டும். அதுவரை ஆடுவார் என்று யாரும் நம்பியிருக்க முடியாது. வால் நீண்டதே சராசரியை 60 லட்சமாக இறக்கத்தான். லீக் நிராகரித்தது, தகராறு தீர்க்கும் நடுவர் ரிச்சர்ட் பிளாக் அதை உறுதிசெய்தார். பின்னர் 15 ஆண்டு, 10 கோடி டாலர் என்ற திருத்த வடிவம் ஏற்கப்பட்டாலும், அணிக்கு 30 லட்சம் டாலர் அபராதம் விழுந்தது.

லீக்குக்கும் வீரர்களுக்கும் இடையிலான 2013 தொழிலாளர் உடன்பாடு, ஒப்பந்தக் காலத்துக்கு, சொந்த அணி வீரருக்கு எட்டு, பிறருக்கு ஏழு ஆண்டு என வரம்பிட்டது. அதே ஆண்டு ஜூலையில், 12 ஆண்டுகள் மீதமிருக்க, கோவல்சுக் லீக்கிலிருந்து ஓய்வை அறிவித்து ரஷ்யாவுக்குத் திரும்பினார்.